அறுபது பேருக்கும் ஒரே காய்ச்சல்

கல்லூரியில் வேலைக்கான ஆங்கிலம் என்றாலே முதலில் லீவ் லெட்டரைத்தான் எடுக்கிறோம். அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று அறுபது பேருக்கும் ஒரே காய்ச்சல். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கவனிப்பவராகச் சேரும் பிள்ளை, சரக்கு வாங்கும் பையருக்கு எழுத வேண்டியது வேறு: டையிங்கில், அதாவது சாயம் போடுவதில், ஷேடு சரியாக வரவில்லை, ஷிப்மெண்ட் ஒரு வாரம் தள்ளும்.

சரி என்று அதையே எழுதச் சொன்னேன். மூன்று வரி மன்னிப்பு வந்தது, சரக்கு எப்போது கிளம்பும் என்பது வரவில்லை. தப்பு என்னுடையது. எல்லா விவரத்தையும் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் யார் யாரிடம் எதைக் கேட்பது? 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி என்.எஸ். பிரபு நடத்திய பரிசோதனையில் 'தகவல் இடைவெளி' என்று ஒரு வகைப் பயிற்சி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஒருவர் தாளில் டையிங் நிலவரம் இருக்கும், மற்றவர் தாளில் பையரின் கடைசித் தேதி. எட்டிப் பார்க்கக் கூடாது. பேசித்தான் புதுத் தேதிக்கு வர வேண்டும். போன் பேச்சு என்றால் முதுகைக் காட்டி உட்கார வைக்கிறேன். முகம் தெரிந்தால் தலையாட்டியே தப்பித்துவிடுவார்கள். 'ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?' என்று திருப்பிக் கேட்கத் தோன்றாது, ஐம்பது பெட்டி பதினைந்தாகிவிடும்.

பேசும்போதே குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். 'டிஸ்கஸ்' என்றாலே போதும் என்ற இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்றதும் நிறுத்தினால், அந்தப் பையன் அப்புறம் வாயே திறக்க மாட்டான். குறித்துவைத்து, பேச்சு முடிந்தபின் போர்டில் எழுதுங்கள்.

தமிழுக்குத் தடை போடுவதும் வீண். "ஏனுங்க மேடம், ஜிஎஸ்எம்னா என்னங்க?" என்று கேட்டால், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது என்று தமிழிலேயே சொல்லிவிடலாம். பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை யாராவது நம்மைவிட நன்றாகவே சொல்வார்.

மார்க் போடுவதில்தான் பெரிய சறுக்கல். எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் இலக்கணத்தை மட்டும் எண்ணுகிறோம். மெயிலைப் படித்த பையர் மறுபடி எதையாவது கேட்க வேண்டியிருந்ததா என்றுதான் இப்போது பார்க்கிறேன். ஐந்து பிழையோடு புதுத் தேதியைத் தெளிவாக எழுதிய மாணவிக்குப் பத்துக்கு எட்டு. பிழையே இல்லாமல் தேதியை விட்டவனுக்கு நாலு. அவன் சண்டைக்கு வந்தான். "நீயே பையர்னு வெச்சுக்க, எப்பச் சரக்கு வரும் சொல்லு" என்று மெயிலை அவனிடமே நீட்டினேன்.