‘புட்’ என்னும் வினையும் அதன் கூட்டாளிகளும்

ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் வைத்தல் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் ஆஃப், அவுட், அப், டவுன் என ஒரு சிறு சொல் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதும் நன்கு படித்தவரும் தடுமாறுகிறார். 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், இத்தகைய சேர்க்கைகள் அயல்மொழியாருக்குப் பெரும் இடர் தருபவை என்று குறித்திருக்கிறார். நமக்கு இது முற்றிலும் புதிதன்று: ‘விட்டுக்கொடுத்தார்’ என்பதை விடுதல், கொடுத்தல் என்று பிரித்து எவரும் பொருள் கொள்வதில்லை.

எனவே சேர்க்கையை ஒரே சொல்லாகக் கருதி, வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ என்றால் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்றால் அந்த வாடையிலேயே எனக்கு வெறுத்துப்போயிற்று. ‘புட் அவுட்’ தீயை அணைப்பது; ‘புட் அப்’ வந்தவரை வீட்டில் தங்கவைப்பது; அதனோடு ‘வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வது.

பொருள் தெரிந்தவர்களும் சறுக்குவது செயப்படுபொருளை நிறுத்தும் இடத்தில்தான். பெயர்ச்சொல்லாயின் ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரியே. ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயராயின் நடுவில் மட்டுமே வரும் என்பதால் ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ பிழை. ‘புட் அப் வித்’ என்பதையோ பிளக்கவே கூடாது: ‘ஐ கான்ட் புட் அப் வித் இட்’. கற்போருக்கான அகராதிகள் ‘புட் சம்திங் ஆஃப்’ என்று அந்த இடத்தையும் காட்டிவிடுவதால், பொருளைத் தேடும்போதே இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மரபுத்தொடர்களில் இந்தச் சுதந்திரமும் இல்லை. ‘புட் யுவர் ஃபுட் டவுன்’ என்பது கண்டிப்பாக நிற்பது. ‘புட் யுவர் ஃபுட் இன் இட்’ என்பது சொல்லக்கூடாததைச் சொல்லிச் சங்கடத்தில் மாட்டிக்கொள்வது. இரண்டிலும் வைப்பது காலைத்தான் என்றாலும், ‘ஃபுட்’ இருக்கும் இடத்தில் ‘லெக்’ போட்டால் தொடரே கலைந்துவிடும்.

‘புட் டவுன்’ மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அது எழுதிவைப்பதையும் குறிக்கும், பிறர்முன் மட்டம் தட்டுவதையும் குறிக்கும். நாயைப் பற்றிய பேச்சில் வந்தாலோ, நோயுற்ற பிராணியை மருத்துவர் வலியின்றிக் கொல்வது என்றே பெரும்பாலும் கொள்ளப்படும். வேலையை விட்டதைச் சொல்ல இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் ‘புட் டவுன் ஹிஸ் பேப்பர்ஸ்’ என்பதை இங்கிலாந்துக்காரர் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்ததாகவே புரிந்துகொள்ளக்கூடும் என்பதால், அங்கே எழுதும் கடிதத்தில் ‘ரிசைன்ட்’ என்று போடுவதே நல்லது.