டியூப் பிரீஆம்ப் வாங்க முதல் உங்கட அம்பைப் பாருங்க

ஒன்லைனில எடுத்த சின்னக் கிளாஸ் டி அம்ப் (டியூப் இல்லாத வகை), பாவிச்ச ஜப்பான் ஸ்பீக்கர் ஒரு சோடி. சத்தம் துல்லியம், ஆனா வறட்சி. அம்புக்கு முன்னால டியூப் பிரீஆம்ப் (கண்ணாடி வால்வில சிக்னலைக் கடத்துற பெட்டி) போட்டாக் குரல் இதமாகும் எண்டு யாரோ சொல்ல, அடுத்த கிழமையே பார்சல் வந்திறங்குது. மட்டக்களப்பில எனக்குத் தெரிஞ்ச பொடியன்கள் கனபேரிட கதை இதுதான்.

அந்த இதம் பொய்யில்லை. டியூப் சேர்க்கிறது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக். பாடுற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேல அதே சுரம் மெல்லிசா ஒட்டிக்கொண்டு வரும். ரிமோட் இருக்கா, நிறம் பொருந்துமா எண்ட கேள்விகளை உங்களிட்டயே விட்டுடுறன். ஆக்கள் விடுற பிழைகளை மட்டும் கீழ சொல்றன்.

அம்பிட இன்புட் இம்பீடன்ஸைப் பார்க்காம வாங்குறது

இன்புட் இம்பீடன்ஸ் எண்டா, உள்ள வாற சிக்னலுக்கு அம்ப் காட்டுற தடை; ஓமில அளக்கிறது. எனக்கு இப்பவும் எரிச்சல் வாறது இதிலதான். களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தம்பி பிரீஆம்ப், அம்ப் ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, டியூப் போட்டதில இருந்து பேஸ் செத்துப்போச்சு." அதுக்கிடையில கேபிள் மாத்தியாச்சு, வேற டியூப் எடுப்பிச்சாச்சு, விற்றவர்ட பேச்சைக் கேட்டு சப்வூஃபரும் வாங்கியாச்சு. சப்வூஃபர்ட விலை பிரீஆம்பை விடக் கூட!

பிரீஆம்பிட மூடியைக் கழட்டினன். அவுட்புட்டில 0.22 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர். டியூபில இருக்கிற டிசி வோல்டேஜ் அம்புக்குள்ள போகாம மறிக்கிறது அதுதான். இன்புட் இம்பீடன்ஸ் 100 கிலோ ஓம் உள்ள டியூப் அம்புக்கு அது தாராளம், 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். தம்பிட கிளாஸ் டி போர்டில இருந்தது 10 கிலோ ஓம். தடை இவ்வளவு குறைஞ்சா அதே கப்பாசிட்டர் பேஸையும் மறிக்கும். அங்க 72 ஹெர்ட்ஸிலயே 3 டெசிபல் போயிடும். பேஸ் கிட்டாரிட ஆகக் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில சிக்னல் வோல்டேஜ் பாதிதான் மிஞ்சும். இதுக்கு எந்தக் கேபிளும் மருந்தில்லை.

2.2 மைக்ரோஃபரட், 400 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டதும் பேஸ் வந்திட்டு. அவுட்புட் கதோட் ஃபொலோவரா (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கிற சர்க்கிட்) இருந்ததால அவர் தப்பினார். 12ஏஎக்ஸ்7 எண்ட டியூபிட அனோட்டில (சிக்னல் பெருகி வாற முனை) இருந்து நேரா எடுக்கிற சர்க்கிட்டில அவுட்புட் இம்பீடன்ஸே 40 கிலோ ஓமுக்குக் கிட்ட வரும். 10 கிலோ ஓம் அம்புக்கு அது எந்தக் கப்பாசிட்டரோடயும் சரிவராது. பிரீஆம்பிட அவுட்புட் இம்பீடன்ஸைப் போலப் பத்து மடங்காவது அம்பிட இன்புட்டில இருக்கவேணும். காசு குடுக்க முதல் ரெண்டு இலக்கத்தையும் கேளுங்க. "நல்ல சவுண்ட் வரும் தம்பி" எண்டு மட்டும் பதில் வந்தா, கும்பிடு போட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வாங்க.

கப்பாசிட்டரை நீங்களே மாத்த வெளிக்கிடாதீங்க. கரண்டைக் கழட்டினாலும் உள்ள 200 வோல்டுக்கு மேல நிற்கலாம்.

தேவையில்லாத கெயின் (பெருக்கம்)

சீடி பிளேயர் 2 வோல்ட் தருது. கனக்க அம்புகளுக்கு முழுச்சத்தம் வர அதுவே போதும். அதுக்கு முன்னால 12ஏஎக்ஸ்7 வைச்சுப் பெருக்கினா வொலியூம் குமிழைக் கொஞ்சம் திருப்பவே வீடு அதிரும், பாட்டில்லாத நேரம் "ஸ்ஸ்" எண்டு இரைச்சல். இதம்தான் வேணுமெண்டால் 12ஏயு7 டியூப் பஃபர் (சிக்னலைப் பெருக்காம அப்பிடியே கடத்துறது) பாருங்க.

டியூபுக்கு அடியில எல்ஈடி

டியூபுக்குள்ள சூடாகிற ஹீட்டர் கம்பிட வெளிச்சம் மங்கல். சொக்கெட்டிட நடுவில இருந்து பளிச்செண்டு செம்மஞ்சள் அடிச்சா, அது அலங்காரம். 12 வோல்ட் அடாப்டரில ஓடுற பெட்டியெண்டால் அனோட்டுக்கு எத்தனை வோல்ட் போகுது எண்டு கேளுங்க. 12ஏயு7க்குத் தகவல்தாள் சொல்ற வழமையான கணக்கு 250. இருபது முப்பதில ஓடினா டியூப் அரை உசிரிலதான் கிடக்கும்.

ஜப்பான் 100 வோல்ட் சாமான்

எங்கட 230இல நேரா குத்தினாப் புகைதான்.

ஹம் ("ம்ம்" எண்ட இரைச்சல்) நிற்க எர்த் வயரை வெட்டுறது

வெட்டாதீங்க.

கண்டபடி டியூப் மாத்துறது

12ஏஎக்ஸ்7, 12ஏயு7 ரெண்டுக்கும் பின் அமைப்பு ஒண்டுதான், ஆனா பெருக்கம் 100க்கும் 20க்கும் உள்ள தூரம். ஈசிசி88 எண்ட இன்னொரு டியூப் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும். ஹீட்டர் இணைப்பு வேற, அந்தச் சொக்கெட்டில போடவே கூடாது. கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்கரையில இருக்கிற ஆக்கள், கரகரப்பு வந்தா உடனே புது டியூபுக்கு ஓடர் போடாதீங்க. உப்புக்காத்தில பின் கறுத்திருக்கும். கரண்டைக் கழட்டி, டியூப் ஆறினாப் பிறகு மெதுவா உருவி, பின்னைத் துடைச்சிட்டுப் போட்டுப் பாருங்க.