முயல் வேலி: ஆறடி உயரம், அடியில் வாசல்

ஏற்காட்டில் புதிதாக நிலம் வாங்கிப் பீன்ஸும் முட்டைக்கோஸும் போடுகிறவர்களுக்கு உரம், மருந்து பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. முயல் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் முயலைத் தடுக்கப் போய்ச் செய்கிற தவறுகளின் பட்டியல் இது.

எலி என்று முடிவு கட்டுவது

நாற்றின் தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. பிய்த்துத்தான் தின்னும், நார் தொங்கும். பக்கத்தில் உருண்டைப் புழுக்கை கிடந்தால் சந்தேகமே வேண்டாம். இதைப் பார்க்காமல் எலி மருந்து வைத்தால் வீட்டு நாய்தான் சாகும்.

உயரத்தை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நாகலூர்ப் பக்கம் சேலத்துக்காரர் ஒருவர் கல்கால் நட்டு, ஆறடிக்குச் செயின் லிங்க் வேலி இழுத்தார். பெரிய செலவு. சில நாளிலேயே பீன்ஸ் பாத்தி மொட்டை. "எப்படி அண்ணே தாண்டியது?" என்று கேட்டார். அது ஏன் தாண்ட வேண்டும்? சரிவு நிலத்தில் வலை நேராகப் போகிறது, மண் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பள்ளம் வந்த இடமெல்லாம் வாசல். ஐப்பசி மழை அரித்தால் இன்னும் அகலும். குட்டி முயலுக்கு அதுகூட வேண்டாம், வலையின் இரண்டு அங்குலக் கண்ணே போதும். காட்டெருமைக்குப் பயந்துதான் உயரம் வைத்தாராம். காட்டெருமை மனம் வைத்தால் கல்காலே சாயும்!

ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழி வலை, நாலடி அகலச் சுருளாக வாங்குங்கள். மூன்றடியை நிமிர்த்திக் கட்டி, மீதி ஒரு அடியை வெளிப்பக்கம் மடித்துத் தரையோடு படுக்கவிட்டுக் கல் வைத்து அழுத்துங்கள். முயல் வேலியின் காலடியில்தான் முண்டிப் பார்க்கும். அங்கே அது நிற்பதே வலையின் மேல். புல் முளைத்துவிட்டால் வலை மண்ணோடு பின்னிக்கொள்ளும். உள்பக்கம் மடித்தால் காசு வீண்.

கேட்

அடியில் கை நுழைந்தால் முயலும் நுழையும்.

சலூன் முடி, முட்டைக் கரைசல்

முயலை விரட்ட இவற்றைத் தூவினாலும் தெளித்தாலும் பலன் அடுத்த மழை வரைக்கும்.

சுருக்கு, மின்கம்பி

காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மின்கம்பிக்கு முயல் எது, மனிதன் எது என்று தெரியாது.

தேடாமல் வேலியை மூடுவது

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வளை தேடுகிறார்கள். நம் காட்டு முயல் வளை தோண்டாது. பகலெல்லாம் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். காலில் மிதிபடும் அளவுக்கு நெருங்கினால்தான் எழுந்து ஓடும். கடைசிப் பக்கத்தை அடைக்கும் முன் தோட்டம் முழுக்கக் குச்சியால் தட்டிக்கொண்டே நடந்து விரட்டிவிடுங்கள். சோம்பல்பட்டவர்கள் முயலை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.