அடுத்த வெள்ளி என்றால் எந்த வெள்ளி? குழப்பமில்லாமல் நாள் குறிக்கும் செய்முறை

ரோஸ் ஹில்லில் இருக்கும் என் பெரியம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்து, "வாந்த்ரெதி ப்ரோசேன் வீட்டில் பூஜை. சாப்பிட வந்துவிடு" என்றார். மொரீசியஸின் பெரும்பாலான தமிழ் வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல்தான். தமிழ், பள்ளியிலும் கோயிலிலும் வந்து சேர்ந்தது. பெரியம்மா கிரியோலில் சொன்னது, ஆங்கிலத்தில் படித்த என் காதில் 'நெக்ஸ்ட் ப்ரைடே' என்று விழுந்தது. டைரியில் தமிழில் 'அடுத்த வெள்ளி, பெரியம்மா வீடு' என்று எழுதிவைத்தேன். மூன்று மொழியிலும் பிழை எதுவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றேன். பெரியம்மா கதவைத் திறந்து என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பூஜை போன வெள்ளியே முடிந்துவிட்டது. ஏழு கறியும் ஆக்கி, உனக்கென்று போட்ட இலையை மூன்று மணிவரை எடுக்கவில்லை, தெரியுமா?"

அந்த இலைக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் சிலருக்குத் தொடக்கநிலைத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கிழமைகளின் பெயரைக் கற்பிப்பது அரைமணி நேர வேலை. 'அடுத்த' என்ற ஒரு சொல்லைக் கற்பிக்க இரண்டு வகுப்பு போகிறது. அங்கே நான் சொல்லித்தரும் வரிசையிலேயே இங்கும் தருகிறேன். தேவையானவை ஒரு மாதக் காலண்டர், ஒரு பென்சில்.

படி 1: இன்றைய நாளை வட்டமிடுங்கள்

காலண்டரில் ஜனவரி 2026ஐ எடுத்துக்கொள்வோம். இன்று 14ஆம் தேதி, புதன்கிழமை என்று வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். முன்னே இரண்டு வெள்ளிகள் தெரிகின்றன: 16, 23. இப்போது வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வெள்ளி எது?" என்று கேளுங்கள். காலண்டரைக் காட்டாமல், யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்க வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் எதிரெதிர்க் கட்சியில் உட்கார்ந்த நாளும் உண்டு.

படி 2: இரண்டு அளவுகோல்களைப் பிரித்துப் பாருங்கள்

குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் நிற்போம்.

'அடுத்தல்' என்றால் நெருங்குதல், ஒட்டியிருத்தல். அடுத்த வீடு என்பது என் வீட்டை ஒட்டிய வீடு. அடுத்த வெள்ளி எதை ஒட்டிய வெள்ளி? இன்றைய நாளிலிருந்து நடந்து போனால் முதலில் எதிர்ப்படும் வெள்ளி என்று ஒருவர் நினைக்கிறார். அவருக்கு அது 16. 'இந்த வெள்ளி' என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒட்டி வருவதுதான் அடுத்தது என்று இன்னொருவர் நினைக்கிறார். அவருக்கு அது 23. முதலாமவர் நாளை எண்ணுகிறார், இரண்டாமவர் வாரத்தை எண்ணுகிறார். இருவருமே தமிழை ஒழுங்காகத்தான் பேசுகிறார்கள்.

பஸ்ஸில் இதே கதையைப் பார்க்கலாம். ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் போகும் பஸ்ஸில் புதியவர் ஒருவர் உங்களிடம் வழி கேட்கிறார். "அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்" என்கிறீர்கள். நிறுத்தம் தொலைவில் இருந்தால் அவருக்குச் சந்தேகமே வராது. பஸ் வேகம் குறைந்து நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருக்கும்போது அதே சொற்களைச் சொல்லிப் பாருங்கள். இதுவா, இதற்கு அடுத்ததா என்று எழுந்த கோலத்தில் தவிப்பார்.

கிழமையும் அப்படியே. சனிக்கிழமை உட்கார்ந்து 'அடுத்த வெள்ளி' என்றால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆறு நாள் தள்ளி வருவதுதான். வெள்ளிக்கிழமையே 'அடுத்த வெள்ளி' என்றால் ஏழு நாள், அதில் சண்டைக்கே இடமில்லை. வியாழக்கிழமை சொன்னாலும் பெரிதாகச் சிக்கல் இல்லை, ஏனென்றால் மறுநாளைக் குறிக்க 'நாளை' என்ற சொல் கையில் இருக்கும்போது யாரும் 'அடுத்த வெள்ளி' என்று சுற்றி வளைப்பதில்லை. ஆபத்தான பகுதி திங்கள், செவ்வாய், புதன். பெரியம்மா அழைத்தது புதன்கிழமை.

நம் தீவில் இன்னொரு கொசுறும் சேர்கிறது. பிரெஞ்சின் 'ப்ரோஷேன்' என்ற சொல்லுக்கு மிக அருகில் உள்ளது என்று பொருள். கிரியோலின் 'ப்ரோசேன்' அதன் பிள்ளை. ஆகவே அது 16 பக்கம் சாய்கிறது. ஆங்கிலத்தில் 'திஸ்' என்று ஒன்றும் 'நெக்ஸ்ட்' என்று ஒன்றும் இருப்பதால், பலரிடம் 'நெக்ஸ்ட்' 23 பக்கம் சாய்கிறது. காலையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, கோயிலில் ஒரு மொழி என்று வாழும் நம் தலைக்குள் இரண்டு சாய்வும் சேர்ந்தே கிடக்கின்றன. தமிழின் 'அடுத்த' எந்தப் பக்கம் சாயும் என்பது சொல்பவர் அன்று காலை எந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும். இது என் ஊகம் மட்டுமே.

படி 3: சொற்களைத் தரம் பிரியுங்கள்

'வருகிற வெள்ளி' நல்ல சொல். வந்துகொண்டிருப்பது ஒன்றுதான், அது முதலில் வருவது: 16. 'இந்த வெள்ளி' அதற்கு அடுத்த தரம். வாரம் பாதியில் இருக்கும்போது தெளிவாக இருக்கும். சனிக்கிழமை சொன்னால் நேற்றைச் சொல்கிறாரா என்று கேட்பவர் விழிப்பார். 'அடுத்த வெள்ளி'யைத் தனியாக விடாதீர்கள். 'இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி' என்று ஒரு துணையோடு அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும்.

'அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை' என்று வாரத்தையும் சேர்த்துச் சொல்லலாமே என்று வகுப்பில் கேட்பார்கள். வெள்ளிக்கு அது சரி, 23 என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கு வந்தால் வண்டி கவிழ்ந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாதக் காலண்டர்களில் வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. பிரெஞ்சு முறை டைரிகளில் திங்களில் தொடங்குகிறது. ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதித் தரமும் திங்களையே முதல் நாளாக வைக்கிறது. புதன் 14ஆம் தேதி நின்றுகொண்டு 'அடுத்த வாரம் ஞாயிறு' என்றால் தமிழ்க் காலண்டர்க்காரருக்கு அது 18, டைரிக்காரருக்கு 25. ஒரே வீட்டுச் சுவரில் இந்தக் காலண்டரும் மேசையில் அந்த டைரியும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது என் வீடுதான். கைப்பேசி நாட்காட்டியிலும் வாரத்தின் முதல் நாளை மாற்றும் வசதி உண்டு. குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: எண்ணிக் காட்டும்போது எங்கே தொடங்குகிறீர்கள் என்று பாருங்கள்

பழைய தலைமுறையினர் 23ஆம் தேதி வெள்ளியைச் சொல்ல 'வாந்த்ரெதி ஆன் வீத்' என்பார்கள். 'எட்டில் வெள்ளி' என்ற மாதிரி. அதாவது வருகிற வெள்ளி போய் அதற்கு அடுத்த வாரத்து வெள்ளி. வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டு எங்கிருந்து வந்தது? 16இலிருந்து விரலை மடக்குங்கள், 16ஐயும் சேர்த்து. 23இல் எட்டாவது விரல் மடங்கும். இதேபோலப் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு வாரத்தைப் 'பதினைந்து நாள்' என்கிறார்கள். நாமும் 'ஒரு பதினைந்து நாள் கழித்து வா' என்று சொல்லி இரண்டு வாரத்தைத்தான் நினைக்கிறோம். இரு முனைகளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் இது. ஆங்கிலத்தில் இரண்டு வாரத்துக்கு உள்ள பழைய சொல் 'ஃபோர்ட்நைட்'. அதன் பொருள் பதினான்கு இரவு. பகலை எண்ணுபவருக்கும் இரவை எண்ணுபவருக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இந்த ஒரு நாள் வேடிக்கையாக முடிவதில்லை. 2026இல் நம் தைப்பூசக் காவடி பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. பத்து நாள் விரதத்தின் பத்தாம் நாளே காவடி என்று எண்ணினால், முதல் நாள் எது? காவடி நாளையும் சேர்த்துப் பின்னோக்கி விரல் மடக்கினால் ஜனவரி 23, வெள்ளி. தேதியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்தைக் கழித்தால் 22, வியாழன். ஒருவர் வியாழக்கிழமை மீன் குழம்பு வாசனையில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அதே வேளையில் விரதம் தொடங்கியிருப்பார். ஆகவே 'பத்து நாளைக்கு முன்' என்று எழுதாதீர்கள், 'காவடி நாளையும் சேர்த்துப் பத்து நாள்' என்று எழுதுங்கள்.

படி 5: தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்

மருந்து இதுதான். ஆனால் பாதி மருந்தைக் குடிப்பவர்கள் அதிகம். கிழமை மட்டும் எழுதினால் எந்த வாரம் என்பது தொங்கும். தேதி மட்டும் எழுதினால், ஓர் எண் தவறி விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டையும் எழுதினால் ஒன்று மற்றொன்றுக்குக் காவல் நிற்கும். ஒருமுறை ஒரு கூட்ட அறிவிப்பு 'வெள்ளி, 22' என்று எனக்கு வந்தது. 22ஆம் தேதியோ வியாழன். இரண்டும் பொருந்தாததால்தான் திரும்பக் கேட்கத் தோன்றியது. வெறும் '22' என்று வந்திருந்தால் ஒரு நாள் முன்பே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்திருப்பேன்.

உங்கள் வாட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கட்டும்: "23 ஜனவரி 2026, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணி, மொரீசியஸ் நேரம்." மாதத்தைப் பெயராக எழுதுங்கள். 02/01 என்று எழுதினால் நமக்கு ஜனவரி 2, அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குப் பிப்ரவரி 1.

படி 6: இரவு நேரத்தைத் தனியே கவனியுங்கள்

'வெள்ளி இரவு 12 மணி' என்று எழுதுபவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். அது வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? விமான டிக்கெட்டில் 'சனி 00.30' என்று இருந்தால் நீங்கள் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 'வெள்ளி இரவு புறப்பட்டு, சனி அதிகாலை 12.30 விமானம்' என்று இரண்டு கிழமையையும் எழுதிவிடுங்கள். பஞ்சாங்கப்படி நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, இஸ்லாமிய நாட்காட்டியில் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. பல சமயத்தார் வாழும் தெருவில் 'வெள்ளி இரவு' என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்வதில் குறைச்சல் இல்லை.

சென்னையில் உறவினர் இருந்தால் இன்னொன்று. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் இடைவெளி. வியாழன் 15ஆம் தேதி இரவு 11 மணிக்கு நாம் 'நாளை அழைக்கிறேன்' என்றால் நமக்கு அது 16. அங்கே மணி 12.30, வெள்ளி பிறந்துவிட்டது. அவர் 17ஆம் தேதிக்குக் காத்திருப்பார். ரீயூனியனில் இருப்பவர்களோடு இந்தத் தொல்லை இல்லை, இரு தீவுகளுக்கும் ஒரே நேரம்.

படி 7: 'முன்னால்' என்ற சொல்லிடம் எச்சரிக்கை

'கூட்டம் இரண்டு நாள் முன்னால் தள்ளப்பட்டுள்ளது.' புதன்கிழமைக் கூட்டம் திங்களுக்குப் போனதா, வெள்ளிக்குப் போனதா? 'இரண்டு நாளைக்கு முன்' என்றால் கடந்தது, 'முன்னால் இருக்கும் நாட்கள்' என்றால் வரப்போவது. தமிழில் முன் என்பது இரண்டு பக்கமும் பார்க்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். லெரா பொரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கார் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் புதன்கிழமைக் கேள்வியை விமான நிலையத்தில் இருந்தவர்களிடமும் கேட்டார்கள். யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று அதிகமாகச் சொன்னார்கள். தாங்களே முன்னோக்கி நகர்ந்தவர்களுக்குக் கூட்டமும் அந்தத் திசையில் நகர்ந்ததாகத் தோன்றியிருக்கிறது. நீங்கள் 'புதனிலிருந்து திங்களுக்கு மாற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால் யார் எங்கிருந்து பறந்து வந்தாலும் கவலையில்லை.

படி 8: திரும்பச் சொல்லிக் கேளுங்கள்

பெரியவர்களிடம் 'எந்த வெள்ளி?' என்று கேட்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று குறை கூறுவதுபோல ஆகிவிடுமோ என்ற தயக்கம். கேள்வியாகக் கேட்காமல் மகிழ்ச்சியாக ஒப்பிக்கலாம்: "சரி பெரியம்மா, பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன்." தவறு என்றால் அவரே திருத்துவார்.

பயிற்சிக்கு மூன்று. இன்று திங்கள், ஜனவரி 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: 'வருகிற வியாழன்' எது? இரண்டு: காத்ர் போர்ன் சந்தையில் துணி விற்பவர் 'அடுத்த ஞாயிறு வாருங்கள், வேறு நிறத்தில் எடுத்துவைக்கிறேன்' என்கிறார், எப்போது போவீர்கள்? மூன்று: 'போன வெள்ளி பார்த்தேனே' என்கிறார் நண்பர், எந்த வெள்ளி?

முதலாவதற்கு விடை 22. மூன்றாவதற்கு 16ஆம் தேதியாக இருக்கலாம், 9ஆம் தேதியாகவும் இருக்கலாம். நண்பர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் 25ஆம் தேதியே போவேன், பிப்ரவரி 1ஆம் தேதி காவடி என்பதால் அன்று போக மாட்டேன் என்பதை அவரிடம் அப்போதே சொல்லிவிடுவேன்.