ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டு, எஸ்எஸ்டி வேகத்தை ஒப்பிடுவது எப்படி?

மெமரி கார்டு அட்டையில் 'நொடிக்கு 100 எம்பி' என்று போட்டிருக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியில் செருகினால் பிரவுசர் திறக்கவே திணறும். அந்த எண் பொய்யில்லை; பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் அது. ஆனால் பையின் இயங்குதளமான லினக்ஸ் நாள் முழுக்க லாக், டேட்டாபேஸ், கேஷ் என்று சின்னச் சின்னத் துண்டுகளை அங்குமிங்குமாக எழுதிக்கொண்டே இருக்கிறது. நாம் முக்கியமாக அளக்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

முதலில் போர்டின் வரம்பு

பை 3-இன் கார்டு ஸ்லாட் நொடிக்கு 25 எம்பியைத் தாண்டாது. பை 4-இல் 50, பை 5-இல் ஏறக்குறைய 100. ஆகவே இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது ஒரே போர்டில் வைத்தே அளக்க வேண்டும். யுஎஸ்பி எஸ்எஸ்டி என்றால் பை 4, 5-இல் நீல நிற போர்ட்டில் செருகுங்கள். கறுப்பு போர்ட் யுஎஸ்பி 2 தான்.

பவர் சப்ளை

இதைப் பலரும் கவனிப்பதில்லை. பை 5-க்கு 5 ஆம்பியர் சப்ளை இல்லாவிட்டால் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். பல எஸ்எஸ்டிகளுக்கு அது போதாது. திரை மூலையில் மின்னல் குறி தெரிந்தால் சப்ளையை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

சோதனை

எஃப்ஐஓ என்ற இலவச வேகச் சோதனைக் கருவியை ஆப்ட் (லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக நிறுவுங்கள். முதல் ஓட்டம் தொடர் எழுத்து: பிளாக் சைஸ் 1 எம்பி, கோப்பு அளவு 1 ஜிபி. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

அடுத்ததுதான் விஷயமே. பிளாக் சைஸை 4 கேபி ஆக்கி, ரேண்டம் ரைட் (அங்குமிங்குமாக எழுதும்) முறையில் 60 விநாடி ஓட்டுங்கள். பிறகு அதே அளவில் ரேண்டம் ரீட். இரண்டிலும் டைரக்ட் என்ற அமைப்பு 1 ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் கோப்பை ரேமில் வைத்துக்கொள்ளும். நீங்கள் ரேமின் வேகத்தைக் கார்டின் வேகம் என்று குறித்துக்கொள்வீர்கள்.

முடிவில் ஐஓபிஎஸ் என்ற எண்ணைப் பாருங்கள்; நொடிக்கு எத்தனை முறை படிக்க அல்லது எழுத முடிகிறது என்பதே அது. ஏ1 என்ற வேகத்தர முத்திரை உள்ள கார்டு குறைந்தது 1500 ரீட், 500 ரைட் தர வேண்டும். 500-ஐ 4 கேபியால் பெருக்குங்கள்: நொடிக்கு வெறும் 2 எம்பி! அட்டையில் பார்த்த 100 எங்கே, இது எங்கே? ஏ2 கார்டுக்கு அளவுகோல் 4000 ரீட், 2000 ரைட். ஆனால் அதை எட்ட கமாண்ட் கியூ (பல கட்டளைகளை வரிசையில் வைத்துக் கையாளும்) வசதியைப் போர்டும் ஆதரிக்க வேண்டும். பழைய பையில் கூடுதல் விலை கொடுத்து ஏ2 வாங்கினால் முழுப் பலன் கிடைக்காது.

அதே வெளியீட்டில் லேட்டன்சி (ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் தாமதம்) சதமானங்களும் இருக்கும். 99-ஆவது சதமானத்தைத் தவறாமல் பாருங்கள்; நூற்றில் 99 வேலைகள் அந்த நேரத்துக்குள் முடிந்தன என்று அர்த்தம். சராசரி நன்றாக இருந்தும் இந்த எண் நூற்றுக்கணக்கான மில்லி விநாடி காட்டினால், எழுத்து வேலை நடக்கும்போது கார்டு இடையிடையே நின்று நின்று போகிறது என்று பொருள். ஃபிளாஷில் பழைய தரவைப் பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். வெறும் 4 கேபியை மாற்றுவதற்குக்கூட கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் பக்கத்துத் தரவை இடம் மாற்ற வேண்டியிருக்கலாம். மலிவான கார்டு சிக்கிக்கொள்வது அங்கேதான். சராசரி சற்றுக் குறைந்தாலும் இந்த எண் சீராக உள்ள கார்டையே நான் எடுப்பேன்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். எல்லாம் முடிந்ததும் எஃப்ஐஓ விட்டுவைத்த சோதனைக் கோப்பை அழித்துவிடுங்கள். அது தானாகப் போகாது.