தைல மரம் எந்த வகைனு பாக்கணுமா, தரையில தேடுங்க

விருத்தாசலம் பக்கம் பஸ்ல போனா தைல மரத் தோப்பா வரும், என்ன மரம்னு கேட்டா நீலகிரி தைலம் எடுக்கற மரம்னு சொல்லிடுவாங்க. அது இல்லீங்க. ஊட்டியில தைலத்துக்கு வச்சிருக்கறது குளோபுலஸ்ங்கற யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுக் குளிர்ல வளந்த ஜாதி, கடலூர் வெயில் அதுக்கு ஒத்துவராது. நம்ம பக்கம் நிக்கிறது பெரும்பாலும் டெரெட்டிகார்னிஸ்ங்கற ஜாதி, இல்லைனா கமால்டுலென்சிஸ்ங்கற ஜாதி, இல்லைனா ரெண்டும் கலந்தது.

பட்டைய வச்சு முடிவு பண்ணாதீங்க, நான் ரொம்ப நாள் அப்படித்தான் ஏமாந்தேன். ரெண்டுக்குமே உரிஞ்சு வழவழனு வெள்ளையா தான் நிக்கும்.

தோப்புக்காரர்கிட்ட கேட்டுட்டு உள்ள போங்க. மேல பூவுல தேனீ சத்தம் கேட்டா அந்த மரத்தடியில குனிஞ்சு தேடுங்க. தைலப் பூவுக்கு இதழ் கிடையாது, மொட்டுக்கு மேல ஒரு தொப்பி இருக்கும், பூ விரியறப்ப அது கழண்டு விழுந்துடும். தொப்பி நீளமா கூம்பு மாதிரி இருந்தா டெரெட்டிகார்னிஸ், அந்தப் பேருக்கே உருண்ட கொம்புனு தான் அர்த்தம், 1795ல ஸ்மித்ங்கற தாவரவியலாளர் வச்சது. குட்டையா நுனியில அலகு மாதிரி இருந்தா கமால்டுலென்சிஸ். ஆனா ஆஸ்திரேலியாவோட வடக்கு குயின்ஸ்லாந்து விதையில வந்த சில கமால்டுலென்சிஸ்க்கும் தொப்பி நீளமா வரும், அங்கதான் மண்ட காயும். அப்ப வெட்டின அடிக்கட்டையில வர்ற மறுதாம்பு துளிர பாருங்க, டெரெட்டிகார்னிஸ் இளம் இலை நல்லா அகலமா இருக்கும், மத்ததுக்கு ஒடுக்கமா இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருந்தா கலப்புனு எழுதிக்கிட்டு அடுத்த மரத்துக்கு போயிடுங்க. கசக்கினா எலுமிச்சை வாசனை தூக்குதா, அது வேற, 1995ல இருந்து அத யூகலிப்டஸ்ல இருந்து கோரிம்பியானு தனிப் பேரினமா பிரிச்சிட்டாங்க.

இன்னொன்னு, டெரெட்டிகார்னிஸ் ஆஸ்திரேலியா கிழக்கு கடலோர மரம்னு படிச்சிட்டு தேவனாம்பட்டினம் பீச் மணல்ல போய் தேடாதீங்க. ஆஸ்திரேலியாவுல அது நிக்கிறது கடலோர சமவெளியில, ஆத்தங்கரை வண்டல்ல, 50 மீட்டர் வரைக்கும் போகும், கோலா அதோட இலைய தின்னும். உப்புக் காத்து நேரா அடிக்கிற மணல் சவுக்குக்கு தான் சரி, சவுக்கும் வடக்கு ஆஸ்திரேலியாவுல பீச்சோரமா நிக்கிற மரம் தான்.

பொறுக்கின தொப்பிய காயவச்சு தீப்பெட்டியில போட்டு இடம், தேதி எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து கொட்டினா எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.