பால் சுறாவுக்குப் பதில் மத்திப் புட்டு

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து தருவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் ஆலைக் கழிவிலும் நிலக்கரிப் புகையிலும் இருந்து தண்ணீரில் சேரும் பாதரசம், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன ஏறிக்கொண்டே போகும். சுறாவில் அது அதிகம். மஞ்சள் போட்டுக் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது, சதையோடு ஒட்டியிருக்கும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த நரம்பு நோய்க்கும் இதே பாதரசம்தான் காரணம். அங்கே வயிற்றுப் பிள்ளைகளும் தப்பவில்லை.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறா, அதைப்போலவே பெரிய மீனான மயில் மீன் இரண்டையும் விட்டுவிடுங்கள். மத்தியை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, அதே பூண்டு, இஞ்சி, மிளகு போட்டுப் புட்டு செய்யலாம். முள் எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், அது வேறு கதை. முடியாதா, நெத்திலிக் குழம்பு வையுங்கள்.